கிராமி விருது: யார் தருகிறார்கள், எதற்குத் தருகிறார்கள், எப்படி எண்ணுகிறார்கள்?

நவம்பர் பிறந்தாலே அமெரிக்க இசை விருதான கிராமி பற்றிய செய்திகள் வரத் தொடங்கிவிடும். "கிராமி போட்டியில் நம்ம ஊர்ப் பாடல்" என்று ஒரு தலைப்பு வரும். சில வாரங்களில் அந்தப் பாடலைப் பற்றிய பேச்சே அடங்கிவிடும், ஏன் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். பிப்ரவரியில் விழா முடிந்ததும் அடுத்த அலை: உலகமே கேட்ட ஆல்பத்துக்கு ஏன் விருது இல்லை, நடுவர்கள் யார், காசு வாங்கிவிட்டார்களா என்று ஆளாளுக்கு ஒரு கோபம்.

இந்தக் குழப்பங்களில் பெரும்பாலானவை ஒரே இடத்திலிருந்து வருகின்றன. கிராமியை ஏதோ ஒரு நடுவர் குழு உட்கார்ந்து கேட்டு, மதிப்பெண் போட்டுக் கொடுக்கும் பரிசு என்று நினைக்கிறோம். அப்படி ஒரு குழு கிடையாது. அமெரிக்க ஒலிப்பதிவுத் துறையில் வேலை செய்பவர்கள், தங்கள் துறைக்குள்ளேயே நடத்திக்கொள்ளும் தேர்தல் அது. இதைப் பிடித்துக்கொண்டால் மற்றதெல்லாம் ஒவ்வொன்றாகப் புரியும்.

தொடங்கிய கதை

1950-களின் நடுவில் ஹாலிவுட்டில் ஒரு நடைபாதை முழுக்க நட்சத்திரங்கள் பதித்து, ஒவ்வொன்றிலும் ஒரு கலைஞரின் பெயரைப் பொறிக்கலாம் என்று திட்டம் போட்டார்கள். இசைத்துறையில் யார் யாருக்குக் கொடுக்கலாம் என்று பட்டியல் போட, ரெக்கார்டு கம்பெனிகளின் பெரிய தலைகள் சிலரிடம் கேட்டார்கள். பட்டியல் போடும்போதுதான், இசையில் பெரிய வேலை செய்த பலருக்கு அந்த நடைபாதையில் இடம் கிடைக்காது என்பது அவர்களுக்கு உறைத்தது. சினிமாவுக்கு ஆஸ்கர் இருக்கிறது, தொலைக்காட்சிக்கு எம்மி இருக்கிறது, ஒலிப்பதிவுக்கு மட்டும் எதுவும் இல்லை. அதற்காக 1957-ல் ஒரு சங்கம் தொடங்கினார்கள். அதுதான் இன்றைய ரெக்கார்டிங் அகாடமி.

முதல் விழா 1959 மே 4 அன்று, பெவர்லி ஹில்ஸில் ஒரு ஹோட்டலிலும் நியூயார்க்கில் ஒரு ஹோட்டலிலும் ஒரே இரவில் நடந்தது. மொத்தம் 28 விருதுகள். கிராமபோன் என்ற பெயரிலிருந்து வந்ததுதான் கிராமி, பரிசும் தங்க நிறத்தில் ஒரு குட்டி கிராமபோன். அந்த முதல் இரவில் ஆண்டின் பெரிய விருதுகளில் இரண்டைப் பெற்றது ஓர் இத்தாலியப் பாடல். டொமெனிக்கோ மொதுன்யோ பாடிய அந்தப் பாட்டை உலகம் 'வோலாரே' என்று அறியும்.

அமெரிக்க விருதை இத்தாலியப் பாட்டு எப்படி வாங்கியது? விதி அன்றும் இன்றும் ஏறக்குறைய ஒன்றுதான். பாடகர் எந்த நாட்டுக்காரராகவும் இருக்கலாம், பாட்டு எந்த மொழியிலும் இருக்கலாம். அந்த ஒலிப்பதிவு, குறிப்பிட்ட காலத்துக்குள் அமெரிக்காவில் வணிகரீதியாக வெளியாகியிருக்க வேண்டும், அவ்வளவுதான். கிராமி உலக விருதா, அமெரிக்க விருதா என்ற கேள்விக்கும் இதிலேயே பதில் இருக்கிறது. உள்ளே வரும் கதவு எல்லோருக்கும் திறந்திருக்கிறது. ஓட்டுப் போடுகிறவர்களில் மிகப் பெரும்பாலோர் அமெரிக்க இசைத்துறைக்காரர்கள்.

சமையல்காரர்கள் தரும் பரிசு

நல்ல சமையல் எங்கே என்று தெரிந்துகொள்ள மூன்று வழிகள் உண்டு. எந்த உணவகத்தில் கூட்டம் அதிகம் என்று எண்ணிப் பார்க்கலாம். சாப்பிட்டுவிட்டு வெளியே வருகிறவர்களிடம் கேட்கலாம். அல்லது சமையல்காரர்களையே கூட்டி, உங்களில் யார் கை சிறந்த கை என்று கேட்கலாம். மூன்று பதில்களும் வேறுவேறாக வரலாம். எந்தப் பதிலும் பொய்யில்லை, கேட்ட கேள்விதான் வேறு.

அமெரிக்க பாப் இசையில் இந்த மூன்றுக்கும் தனித்தனி விருதுகள் இருக்கின்றன. விற்பனை, ஸ்ட்ரீமிங், வானொலி ஆகியவற்றின் கணக்கைப் பார்த்துத் தருவது பில்போர்டு இசை விருது. அமெரிக்கன் மியூசிக் அவார்ட்ஸில் இப்போது ரசிகர்களே ஓட்டுப் போடுகிறார்கள். 1974-ல் தொடங்கிய அந்த விருதுக்குப் பின்னால் ஒரு தொலைக்காட்சிப் போட்டியும் இருக்கிறது. 1971 முதல் நேரலையாக ஒளிபரப்பான கிராமி விழா ஏபிசி தொலைக்காட்சியின் கையைவிட்டு சிபிஎஸ் தொலைக்காட்சிக்குப் போய்விட்டது. தனக்கென ஒரு விழா வேண்டுமென்று ஏபிசி தொடங்கியதுதான் இது.

கிராமி மூன்றாவது வகை, சமையல்காரர்கள் ஓட்டுப் போடுவது. அகாடமியில் ஓட்டுரிமை உள்ளவர்கள் பத்தாயிரத்துக்கும் மேல். அவர்கள் பாடகர்கள், வாத்தியக்காரர்கள், இசையமைப்பாளர்கள், பாடலாசிரியர்கள், இசைக்குழு நடத்துநர்கள், ஒலிப்பொறியாளர்கள், ரெக்கார்டு புரொடியூசர்கள். கடைசிப் பெயரை மட்டும் விளக்க வேண்டும். சினிமாவில் பணம் போடுபவரைத் தயாரிப்பாளர் என்கிறோம். ரெக்கார்டு புரொடியூசர் அவரைப் போன்றவர் இல்லை. பாட்டு எந்த வேகத்தில் போக வேண்டும், எந்த வாத்தியம் எங்கே நுழைய வேண்டும், எந்த டேக்கை வைத்துக்கொள்வது என்று ஒலிப்பதிவு அறையில் முடிவெடுப்பவர் அவர். பத்திரிகையாளர்களுக்கும், படைப்பு வேலையில் இல்லாத கம்பெனி அதிகாரிகளுக்கும் ஓட்டு கிடையாது.

ஆகவே, "கோடிப்பேர் கேட்ட பாட்டுக்கு ஏன் கொடுக்கவில்லை" என்ற கேள்வி கூட்டத்தை எண்ணும் விருதிடம் கேட்க வேண்டிய கேள்வி. கிராமியிடம் கேட்க வேண்டியது, இந்தச் சங்கத்தில் யார் இருக்கிறார்கள், யார் இல்லை என்பதை. கிராமியின் வரலாற்றில் பாதி இந்தக் கேள்வியைச் சுற்றித்தான் நடந்திருக்கிறது.

ரெக்கார்டு வேறு, சாங் வேறு

புதிதாகப் பார்க்க வருகிறவர்கள் முதலில் தடுமாறும் இடம் இது. 'ரெக்கார்டு ஆஃப் தி இயர்', 'சாங் ஆஃப் தி இயர்' என்று இரண்டு பெரிய விருதுகள். இரண்டுமே ஒரு தனிப்பாட்டுக்குத்தானே, எதற்கு இரண்டு?

அந்தச் சமையல் ஒப்பீடே இங்கும் உதவும். சாங் விருது சமையல் குறிப்புக்கு: மெட்டும் வரிகளும் எழுதியவர்களுக்குப் போகும். ரெக்கார்டு விருது தட்டில் வந்த பண்டத்துக்கு: பாடியவர், புரொடியூசர், ஒலிப்பொறியாளர்கள் ஆகியோருக்குப் போகும். ஆல்பம் விருது முழு விருந்துக்கு. இவற்றோடு 'சிறந்த புதிய கலைஞர்' விருதையும் சேர்த்தால் நான்கு, இவையே நெடுங்காலமாகப் பெரிய விருதுகள். 2024 விழாவிலிருந்து ஆண்டின் புரொடியூசருக்கும் ஆண்டின் பாடலாசிரியருக்குமான விருதுகளையும் இந்தப் பொதுப் பிரிவில் சேர்த்துவிட்டார்கள்.

1994 விழாவைப் பாருங்கள். 'ஐ வில் ஆல்வேஸ் லவ் யூ' பாடலுக்காக விட்னி ஹூஸ்டன் ரெக்கார்டு விருது பெற்றார், அவரோடு புரொடியூசர் டேவிட் ஃபாஸ்டரும். ஆனால் சாங் விருது அந்தப் பாட்டுக்குப் போகவில்லை, போகவும் முடியாது. அதை எழுதியவர் டாலி பார்ட்டன், அவரே பாடி 1974-ல் வெளியிட்டு அப்போதே புகழ்பெற்ற பாட்டு. ஏற்கெனவே பேர் வாங்கிய பாட்டு சாங் பிரிவில் நிற்கக் கூடாது. குறிப்பு பழையது, சமைத்த விதம் புதியது. அதனால் ஒரு விருது மட்டும்.

நமக்கு நெருக்கமான உதாரணமும் உண்டு. 2010-ல் 'ஜெய் ஹோ' பாடலுக்கு, திரைக்காக எழுதப்பட்ட சிறந்த பாடல் என்ற கிராமி கிடைத்தது. அதன் முதன்மைக் குரல் சுக்விந்தர் சிங். ஆனால் விருதில் இருந்த பெயர்கள் ஏ. ஆர். ரஹ்மான், குல்சார், தன்வி ஷா. காரணம், அது எழுதியவர்களுக்கான பிரிவு. சென்னைப் பாடகி தன்வி ஷா அதில் இடம்பெற்றது, பாட்டில் வரும் ஸ்பானிஷ் வரிகளை எழுதியதற்காக. பாடியவரை ஒதுக்கிவிட்டார்கள் என்று அப்போது பலர் வருத்தப்பட்டார்கள். வருத்தம் நியாயம்தான், ஆனால் அந்தப் பிரிவில் பாடகருக்கு இடமே இல்லை.

எனக்குக் கிராமியில் மிகவும் பிடித்ததும் இதுதான். ஒரு பாட்டு என்பது ஒரு குரல் மட்டும் இல்லை, அதற்குப் பின்னால் பல கைகள் இருக்கின்றன என்பதை விருதுப் பட்டியலே ஒத்துக்கொள்கிறது. ஆல்பம் உறையின் வடிவமைப்புக்கு, உள்ளே வரும் குறிப்புரைக்கு, ஒலிப்பதிவின் நுட்பத்துக்கு என்று தனித்தனியே விருதுகள் உண்டு.

அனுப்பியது முதல் உறையைப் பிரிப்பது வரை

"கிராமி போட்டியில்" என்ற தலைப்பு ஏன் அடிக்கடி ஏமாற்றுகிறது என்பது இந்த வரிசையைப் பார்த்தால் தெரியும்.

முதல் படி, அனுப்புவது. அகாடமி உறுப்பினரோ பதிவுசெய்த இசை நிறுவனமோ ஒரு பாட்டை உள்ளே அனுப்பலாம். ஆண்டுக்கு இருபதாயிரத்தை ஒட்டி வருகின்றன. இந்தப் படியில் இருக்கும் எல்லாப் பாட்டையும் "போட்டியில் இருக்கிறது" என்று சொல்லலாம், அதில் பொய்யில்லை. ஆனால் விண்ணப்பம் போட்டதற்கு மேல் அதில் பெரிதாக ஒன்றும் இல்லை.

அடுத்தது சரிபார்ப்பு. நூற்றுக்கணக்கான துறை வல்லுநர்கள் உட்கார்ந்து, வந்த ஒவ்வொன்றும் காலவரம்புக்குள் வெளியானதா, சரியான பிரிவில் இருக்கிறதா என்று பார்க்கிறார்கள். ராக் பாட்டா, மாற்று ராக்கா என்று இங்கே பெரிய விவாதங்கள் நடக்கும். ஆனால் பாட்டு நன்றாக இருக்கிறதா என்பது இவர்கள் வேலை இல்லை.

பிறகு முதல் சுற்று ஓட்டு. அதில் அதிக ஓட்டு வாங்கியவை நாமினேஷன் பெறுகின்றன, அதாவது இறுதிப் பட்டியலுக்கு வருகின்றன. பெரும்பாலான பிரிவுகளில் ஐந்து பெயர்கள், நான்கு பெரிய விருதுகளுக்கு இப்போது எட்டு. ஒரு பாட்டுக்கு உண்மையிலேயே சொல்லிக்கொள்ள ஏதாவது இருக்கிறது என்றால் அது இந்தப் படியிலிருந்துதான்.

கடைசியாக இரண்டாம் சுற்று ஓட்டு. அதை அகாடமி எண்ணுவதில்லை. டெலாய்ட் என்ற கணக்குத் தணிக்கை நிறுவனம் எண்ணி, பெயர்களை உறையில் போட்டு ஒட்டித் தருகிறது. மேடையில் உறையைப் பிரிக்கும்வரை அகாடமிக்காரர்களுக்கே முடிவு தெரியாது.

சுருக்கமாக: பாட்டை அனுப்பினால் விண்ணப்பம், முதல் சுற்றில் தேறினால் நாமினேஷன், இரண்டாம் சுற்றில் முந்தினால் விருது. செய்தி எதைச் சொல்கிறது என்று முதலில் பாருங்கள்.

எண்ணும் முறைதான் கதையே

யார் முந்தினார் என்பதை எப்படி முடிவு செய்கிறார்கள்? மற்ற எவரையும்விட அதிக ஓட்டு வாங்கியவர் ஜெயித்தார், அவ்வளவுதான். பாதிக்கு மேல் வாங்க வேண்டிய கட்டாயம் இல்லை.

இது சாதாரணமாகத் தெரியும். கணக்குப் போட்டுப் பார்த்தால்தான் இதன் வீரியம் புரியும். ஒரு பேச்சுக்கு 10,000 ஓட்டுகள், 8 பேர் போட்டி என்று வைத்துக்கொள்வோம். ஒருவருக்கு 1,900 ஓட்டு. மீதி 8,100 ஓட்டை மற்ற ஏழு பேரும் ஏறக்குறைய சமமாகப் பிரித்துக்கொண்டால் ஆளுக்கு 1,157 வரும். 1,900 வாங்கியவர் தெளிவான வெற்றியாளர். ஆனால் நூற்றுக்கு 81 பேர் அவரைத் தேர்ந்தெடுக்கவில்லை. ஓட்டு இன்னும் சீராகச் சிதறினால் 1,251 வாங்கியவர்கூட ஜெயிக்கலாம்.

இங்கேதான் ஓட்டுப் பிரிவது என்ற விஷயம் வருகிறது. ஒரே ரசனைக்காரர்கள் விரும்பும் மூன்று ஆல்பங்கள் பட்டியலில் இருந்தால், அவர்கள் ஓட்டு மூன்றாக உடைகிறது. வேறொரு ரசனைக்கு ஒரே ஆல்பம் இருந்தால் அது முழுசாக நிற்கிறது. எல்லாத் தரப்புக்கும் கொஞ்சம் தெரிந்த, யாருக்கும் பெரிதாக வெறுப்பில்லாத பெயருக்கும் இந்த முறை சாதகம். அமெரிக்கப் பாடகி பியான்சே தன் ஆல்பங்களுக்காக 2010, 2015, 2017, 2023 ஆகிய நான்கு விழாக்களில் ஆண்டின் ஆல்பம் விருதுக்கு நின்று நான்கிலும் தோற்றார். 2023-லேயே வரலாற்றில் மிக அதிக கிராமி பெற்றவராக ஆகியிருந்தும், அந்த ஒரு விருது கிடைக்க 2025 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ராப், ஜாஸ் போன்ற தனிப் பிரிவில் அந்த இசையை நெருக்கமாக அறிந்தவர்கள் ஓட்டு எடுபடும். பொதுப் பிரிவில் எல்லோரும் ஓட்டுப் போடுவார்கள், ஜாஸ் வாசிப்பவரும், கன்ட்ரி பாடுபவரும், மேற்கத்திய சாஸ்திரிய இசைக்காரரும். அகாடமி ஓட்டுக் கணக்கை வெளியிடுவதே இல்லை. ஆகையால் எந்த ஆண்டில் ஓட்டு எப்படிப் பிரிந்தது என்று யார் அடித்துச் சொன்னாலும் அது ஊகம்தான்.

இந்த முறையின் குறையைச் சரிசெய்யப் போய் அகாடமி இன்னொரு சிக்கலில் மாட்டியது. 1995-ல் ஆண்டின் ஆல்பம் பட்டியலில் மூன்று ஓபரா பாடகர்களின் கச்சேரிப் பதிவு இருந்தது, ஜெயித்தது அப்போது 68 வயதான பாடகர் டோனி பென்னட். அந்தக் காலத்து இளைஞர்கள் கேட்ட இசை எங்கே போயிற்று என்று பெரிய கூச்சல். அதன்பின், முதல் சுற்றில் முன்னணியில் வந்தவற்றை ஒரு சிறு குழு கேட்டு, நாமினேஷனை முடிவு செய்யும் ஏற்பாட்டைப் பெரிய விருதுகளுக்கும் கொண்டுவந்தார்கள். குழுவில் யார் என்பது ரகசியம். பட்டியல் கொஞ்சம் இளமையானது உண்மை. ஆனால் ரகசியக் குழு என்றால் சந்தேகம் வரத்தானே செய்யும்?

2020 நவம்பரில் அது வெடித்தது. அந்த ஆண்டின் மிகப்பெரிய வெற்றிகளில் ஒன்றான 'பிளைண்டிங் லைட்ஸ்' பாடலைத் தந்த, தி வீக்எண்ட் என்ற பாடகருக்கு ஒரு நாமினேஷன்கூட இல்லை. அகாடமியில் ஊழல் என்று அவர் வெளிப்படையாகவே எழுதினார், இனி தன் பாடல்களைக் கிராமிக்கு அனுப்பப் போவதில்லை என்றும் அறிவித்தார். 2021 ஏப்ரலில், சில நுட்பப் பிரிவுகள் தவிர மற்றவற்றில் ரகசியக் குழுக்களை அகாடமி கலைத்தது. கூடவே, பொதுப் பிரிவைத் தவிர ஓர் உறுப்பினர் அதிகபட்சம் பத்துப் பிரிவுகளில் மட்டுமே ஓட்டுப் போடலாம் என்றும் குறைத்தது. தெரியாத இசைக்குப் பெயரைப் பார்த்து ஓட்டுப் போடுவதைக் குறைக்கத்தான் இது. எனக்குக் கேட்டால் இந்தச் சின்ன விதிதான் குழுக்களைக் கலைத்ததைவிடப் பெரிய சீர்திருத்தம் என்பேன்.

சங்கத்துக்கு வெளியே நின்றவர்கள்

எந்த இசையை யார் உருவாக்குகிறார்களோ அவர்கள் சங்கத்தில் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு ராக்கும் ராப்பும் சாட்சி. எல்விஸ் பிரெஸ்லி போட்டியில் வென்ற கிராமிகள் மூன்றே மூன்று, மூன்றும் கிறிஸ்தவ பக்திப் பாடல்களுக்கு. ராக் அண்ட் ரோலின் முகமாக இருந்தவருக்கு ராக்குக்காக ஒன்றும் கிடைக்கவில்லை.

ராப்புக்கு முதன்முதலில் ஒரு பிரிவு ஒதுக்கியது 1989-ல். விருது டிஜே ஜாஸி ஜெஃப், ஃபிரெஷ் பிரின்ஸ் ஜோடிக்கு. அந்த ஃபிரெஷ் பிரின்ஸ்தான் நடிகர் வில் ஸ்மித். ஆனால் அந்த விருதைத் தொலைக்காட்சியில் காட்டப் போவதில்லை என்று தெரிந்ததும், ஜெயித்தவர்களே விழாவைப் புறக்கணித்தார்கள். அதே இரவில் புதிதாக வந்த ஹார்டு ராக், மெட்டல் பிரிவில் மெட்டல் இசைக்குப் பேர்போன மெட்டாலிகா குழுவைத் தோற்கடித்து ஜெத்ரோ டல் குழு ஜெயித்தது. புல்லாங்குழல் வாசிக்கும் தலைவரைக் கொண்ட அந்தக் குழுவை மெட்டல் ரசிகர் யாரும் மெட்டல் என்று சொல்ல மாட்டார். ஓட்டுப் போட்டவர்களுக்குத் தெரிந்த பெயர் அதுதான். ஒரு ராப் பாடல் ரெக்கார்டு, சாங் இரண்டு விருதுகளையும் பெற 2019 வரை ஆனது.

கொடுத்த விருதைத் திரும்ப வாங்கியதும் ஒருமுறை நடந்திருக்கிறது. 1990-ல் சிறந்த புதிய கலைஞர் விருது பெற்ற மில்லி வனில்லி இரட்டையர், ஆல்பத்தில் பாடவே இல்லை, வேறு ஆட்கள் பாடியதற்கு வாயசைத்தார்கள் என்பது அதே ஆண்டு நவம்பரில் வெளியானது. ஒலிப்பதிவுக்குத் தரும் விருதில் இதைவிடப் பெரிய குற்றம் இருக்க முடியாது.

டிவியில் வராத பெரும்பகுதி

இப்போது தொண்ணூற்றுச் சொச்சம் பிரிவுகள் இருக்கின்றன. 2011-ல் 109 வரை போய், மறு ஆண்டே 78 ஆகக் குறைத்து, மறுபடி மெல்ல வளர்ந்த எண்ணிக்கை அது. இரவு நேர ஒளிபரப்பில் இவற்றில் பத்துச் சொச்சம்கூடக் கொடுப்பது அபூர்வம். நேரமெல்லாம் மேடைப் பாட்டுக்குப் போய்விடும். மற்றவை எல்லாம் அதே நாள் பகலில், பிரீமியர் விழா என்ற முன்விழாவில் கொடுக்கப்படுகின்றன. அது இணையத்தில் நேரலையாக வருகிறது.

இந்தியர்கள் பெற்ற விருதுகளைத் தேட வேண்டிய இடமும் பெரும்பாலும் அதுதான். 1992-ல் உலக இசை ஆல்பம் என்ற பிரிவு முதன்முதலாக வந்தபோது, ஜெயித்தது அமெரிக்க டிரம் கலைஞர் மிக்கி ஹார்ட்டின் தாள வாத்திய ஆல்பம். அதில் கடம் விக்கு விநாயக்ராம். அந்தப் பிரிவுக்கு இப்போது குளோபல் மியூசிக் ஆல்பம் என்று பெயர். 2024 பிப்ரவரி 4 அன்று அதே பிரிவில் சக்தி குழு ஜெயித்தது, ஜாகிர் உசேன், ஜான் மெக்லாக்ளின், ஷங்கர் மகாதேவன், கணேஷ் ராஜகோபாலன் இவர்களோடு விக்குவின் மகன் செல்வகணேஷ். 2025-ல் சென்னையில் பிறந்த சந்திரிகா டாண்டன் பெற்றது, 'நியூ ஏஜ்' எனப்படும் தியான பாணி இசை, மந்திர இசை போன்ற வகைகளுக்கான பிரிவில். இவை எதுவும் சிறிய விருது இல்லை. அதே சங்கம், அதே ஓட்டு, அதே கிராமபோன்.

அந்தக் கிராமபோனைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். கொலராடோ மாநிலத்தில் ரிட்ஜ்வே என்ற சிற்றூரில் ஜான் பில்லிங்ஸின் பட்டறையில், கிராமியம் என்று அவர்களே பெயர் வைத்த உலோகக் கலவையை வார்த்து, ஒவ்வொன்றாகக் கையால் செய்கிறார்கள். யார் ஜெயிப்பார்கள் என்று முன்கூட்டித் தெரியாது என்பதால், ஒளிபரப்பு மேடையில் கையில் கொடுப்பது பெயர் பொறிக்காத மாதிரிதான். அதை மேடைக்குப் பின்னால் திருப்பி வாங்கிக்கொள்வார்கள். பெயர் பொறித்த அசல், சில வாரங்கள் கழித்து வீடு வந்து சேரும். பாடியவருக்கு மட்டுமில்லாமல், அந்தந்தப் பிரிவின் விதிப்படி புரொடியூசருக்கும் ஒலியைக் கோத்த பொறியாளருக்கும் தனித்தனியாக வரும். அகாடமியின் இணையதளத்தில் ஒரு ஒலிப்பொறியாளரின் பெயரைப் போட்டுத் தேடினாலும், அவர் எந்த ஆண்டு, எந்த ஆல்பத்தில், என்ன வேலைக்காக வாங்கினார் என்பது வரும்.